எம்பேத்ருவாவில் என் கதை

1

போன மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் என் மகள் ஆரணி குசினி வாசலில் வந்து நின்று, வீட்டில் பழைய எம்பேத்ருவா ஏதும் கிடக்கிறதா என்று கேட்டாள். ஊரில் நீங்கள் எம்.பி.த்ரீ பிளேயர் என்று சொன்ன சாமானுக்கு இங்கே அதுதான் பெயர். மூன்றைப் பிரெஞ்சில் த்ருவா என்பார்கள். பாரிசுக்கு வந்த புதிதில் நாங்கள் பிழையில்லாமல் உச்சரித்த சில பிரெஞ்சுச் சொற்களில் அதுவும் ஒன்று.

அவள் கேட்டது எனக்கு விளங்கவில்லை. உலகத்தில் உள்ள பாட்டெல்லாம் அவளுடைய கைபேசியில் இருக்கிறது. விரலால் தடவினால் பாடுகிறது. பிறகேன் இது?

ஆரணிக்குப் பத்தொன்பது வயது. பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். நாங்கள் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லும் பிள்ளை. அவள் சொன்னதில் முக்கால்வாசி எனக்கு விளங்கியது. பாட்டுக் கேட்கக் கைபேசியை எடுத்தால் பாட்டோடு நிற்க முடியவில்லையாம். ஒரு செய்தி வருகிறது, ஒரு படம் வருகிறது, அரை மணித்தியாலம் எங்கேயோ போய்விடுகிறது. பாட்டை விட வேறொன்றும் தெரியாத ஒரு சாமான் வேண்டுமாம். அவளோடு படிக்கிற பிள்ளைகள் பழைய எம்பேத்ருவாக்களைத் தேடித் தேடி வாங்குகிறார்களாம்.

பழைய விசாக் கடதாசிகள் வைத்திருக்கிற தகரப் பெட்டிக்குள் ஒன்று கிடந்தது. விரல் நீளம், சாம்பல் நிறம், மூடி தொலைந்துவிட்டது. பற்றரியைக் கழற்றி வைத்திருந்தபடியால் உள்ளே துருப்பிடிக்கவில்லை. தொலைக்காட்சி றிமோட்டில் இருந்த பற்றரியைப் பிடுங்கிப் போட்டோம். சின்னத் திரை நீலமாக எரிந்தது. எனக்கு உண்மையிலேயே சந்தோசம். கொண்டு போ பிள்ளை என்று கொடுத்துவிட்டு வெங்காயம் வெட்டப் போனேன். அதற்குள் பாட்டுகளை விட வேறென்ன இருக்கிறதென்பது அந்த நேரம் என் நினைவில் இல்லை. இதைச் சொன்னால் என் மனைவி சுகந்தி நம்பமாட்டேன் என்கிறாள். நானும் இப்போது முழுதாக நம்புகிறேன் என்றில்லை.

2

இப்போது பாரிசுக்கு வெளியே பொண்டியில் இருக்கிறோம். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் எனக்கு வேலை. காலையில் இரயில், பின்னேரம் இரயில். ஆனால் அந்த எம்பேத்ருவாவை வாங்கிய காலத்தில் நான் பாரிசுக்குள் மார்க்ஸ் டோர்மோயில் ஒரு அறையில் ஆறு பேரில் ஒருவனாக இருந்தேன். விசா இல்லை. பகலில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை.

அந்த அறையில் முதலில் ஒரு கசெற் றேடியோ இருந்தது. ஒருவனுக்குப் பக்திப் பாட்டு வேண்டும், இன்னொருவனுக்குச் சினிமாப் பாட்டு, மூன்றாமவனுக்கு நித்திரை. தினமும் சண்டை. சிலரிடம் இடுப்பில் கொழுவுகிற சின்னக் கசெற் பிளேயர் இருந்தது. பற்றரி இறங்க இறங்கப் பாடகியின் குரல் ஆம்பிளைக் குரலாகிவிடும். பிறகு சீடி பிளேயர் வந்தது. அது சாப்பாட்டுக் கோப்பை அளவு வட்டம். மெத்ரோப் படிகளில் இறங்கினால் பாட்டு விக்கும். ஓடுகிற மனிதருக்கு அது சரிவராது. நாங்களோ எந்நேரமும் ஓட்டம்தான்.

அதற்குப் பிறகுதான் இது வந்தது. உள்ளே சுழல்கிற பொருள் ஒன்றும் இல்லை. குலுக்கினாலும் விக்காது. ஒரு சின்னப் பற்றரியில் இரண்டு மூன்று நாள் பாடும். ரூ து ஃபொபூர் சேன்-தெனியின் மேல் அந்தத்தில், எங்கள் கடைகள் தொடங்குகிற இடத்தில், ஒரு கடையில் கொம்பியூட்டரோடு ஒருவர் இருந்தார். பாட்டுப் பட்டியலைத் தருவார். தெரிந்தெடுத்துச் சொன்னால் ஏற்றித் தருவார். முப்பது பாட்டுக்கு மேல் கொள்ளாது. அந்த முப்பதைத் தெரிந்தெடுக்க எனக்கு இரண்டு சனிக்கிழமை எடுத்தது. திரைக்குத் தமிழ் தெரியாததால் பாட்டுப் பெயர்களெல்லாம் சின்னச் சின்னச் சதுரங்களாகத் தெரியும். ஏழாவது நல்ல பாட்டு, பதினோராவது அழுகைப் பாட்டு என்று எண்ணிக்கையில்தான் நாங்கள் கதைப்போம். ரொக், ஜாஸ், கிளாசிக் என்று ஓசையை மாற்ற ஒரு பொத்தான் இருந்தது. எதை அமத்தினாலும் நாதசுரம் நாதசுரமாகத்தான் கேட்டது.

கொஞ்ச நாளில் அறையில் ஆறு பேரிடமும் ஆளுக்கொன்று. சண்டை நின்றது. கதையும் நின்றது. பிறகு ஆயிரம் பாட்டுக் கொள்ளுகிறது, வர்ணத் திரை உள்ளது, படம் காட்டுகிறது என்று புதிது புதிதாக வந்தன. எல்லாவற்றையும் கடைசியில் கைபேசி விழுங்கிவிட்டது. நான் அந்த முதல் சாமானோடேயே நின்றுவிட்டேன். அதற்குக் காரணம் அதில் இருந்த இரண்டு பொத்தான்கள்.

ஒன்று ஒலிப்பதிவுப் பொத்தான். அமத்தினால் முன்னால் கதைப்பதைப் பிடித்து வைக்கும். மற்றது ஏ-பி. ஒரு பாட்டு ஓடும்போது ஓரிடத்தில் அமத்தினால் அது ஏ. இன்னோரிடத்தில் திரும்ப அமத்தினால் அது பி. பிறகு நீங்கள் நிறுத்துமட்டும் அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட துண்டு மட்டும் திரும்பத் திரும்ப ஓடும். மொழி படிக்கிறவர்களுக்காக வைத்த பொத்தான் என்று கடைக்காரர் சொன்னார்.

குலம் அண்ணை எங்கள் ஊராள். எனக்குப் பதினைந்து வருடம் முன்னரே வந்து பிரெஞ்சு படித்தவர். எங்கள் கடைகள் உள்ள லா சப்பலில் பலருக்குக் கேஸ் எழுதிக் கொடுத்தார். கேஸ் என்றால் அகதி விண்ணப்பத்தோடு கொடுக்கிற கதை: ஏன் நாட்டை விட்டு வந்தேன், எனக்கு என்ன நடந்தது. நாங்கள் தமிழில் சொல்ல அவர் பிரெஞ்சில் எழுதுவார். விசாரணைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தபோது, கடதாசியில் இருப்பதும் உமது வாயில் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லி, என் எம்பேத்ருவாவை வாங்கி, ஐந்து பக்கத்தையும் வாசித்துப் பதிந்து தந்தார். பிரெஞ்சில் ஒரு வரி, தமிழில் அதே வரி.

அதில் என் தம்பி ரூபன் வருகிறான். நானும் தம்பியும் சந்தியில் சைக்கிளை விட்டு இறங்கினோம். துவக்கோடு நின்றவர்கள் தம்பியைப் பிடித்தார்கள். நான் மறிக்கப் போனேன். என் தோளில் அடித்தார்கள். தம்பியை வாகனத்தில் ஏற்றினார்கள். அதன் பிறகு நான் அவனைக் காணவில்லை.

நான் அவருக்குச் சொன்னது அதுவல்ல என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். நான் சொன்னதாக நினைத்தது இது: வழியில் சைக்கிளுக்குக் காற்றுப் போய்விட்டது. நான் சைக்கிள் கடையில் ஒட்டுப் போட நின்றேன். தம்பி முன்னுக்கு நடந்து போனான். சந்தியில் அவனைப் பிடித்த செய்தியை ஓடிவந்த ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். குலம் அண்ணை எழுதுவதை நிறுத்திவிட்டு, "நீர் காணேல்லை எண்டால் ஆர் நம்புவினம்?" என்று கேட்டதாகவும், நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்ததாகவும் நினைவு.

மெத்ரோவின் பன்னிரண்டாம் இலக்கத் தடத்தில், வேலைக்குப் போக வர, அந்தத் துண்டை ஏ-பி போட்டுக் கேட்டேன். ஒரு நிமிடமும் வராது. எத்தனை நூறு தரம் என்று தெரியாது. விசாரணை அன்று மொழிபெயர்ப்பாளருக்கு முன்னால் அந்த இடத்துக்கு வந்ததும் மேலே சொல்ல முடியாமல் நின்றுவிட்டேன். நடிக்கவில்லை. சந்தி தெரிந்தது, வாகனம் தெரிந்தது, ஏறமுன் தம்பி திரும்பி என்னைப் பார்த்தது தெரிந்தது. அவர்கள் எனக்குத் தண்ணீர் தந்தார்கள். சில மாதங்களில் விசா கிடைத்தது.

3

எம்பேத்ருவாவைக் கொடுத்த இரண்டாம் நாள் பின்னேரம் வேலையால் வந்தேன். ஆரணி சோபாவில் இருந்தாள். இதில் ஒருவர் கதைக்கிறார் என்றாள். பிறகு ஏதோ கேட்டாள். இவர் ரூமேன்காரரா, ருமேனியாவில் இருந்து வந்தவரா என்று கேட்டதாக எனக்கு விளங்கியது. இல்லைப் பிள்ளை, எங்கடை ஊர் ஆள்தான், பேர் குலம் என்றேன். அவள் சொல்லைப் பிரித்துத் திரும்பச் சொன்னாள். அவள் கேட்டது ரொமான். அதாவது, இது ஏதும் நாவலா?

"இல்லை" என்றேன். "அது என்ரை கேஸ்."

"ஆனா, அவர் 'நான்' எண்டு சொல்லுறார். உங்கடை பேர் சொல்லுறார். பிறந்த நாள் சொல்லுறார்" என்று பிரெஞ்சில் சொன்னாள்.

ஓம் என்றேன். அவள் அடுத்ததைத் தமிழில் கேட்டாள். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

"அப்பா, உங்களுக்குத் தம்பி இருக்கிறாரா?"

சுகந்திக்குத் தெரியும். பிள்ளைக்குச் சொல்லவில்லை. சின்னப்பிள்ளை, வளரட்டும் என்று ஒருகாலம். பிறகு பரீட்சை முடியட்டும் என்று ஒருகாலம். ரூபனின் படம் ஒன்றும் எங்களிடம் மிஞ்சவில்லை. சுவரில் ஒரு படம் தொங்கியிருந்தால் அவள் தானாகவே கேட்டிருப்பாள். அவளுடைய கேள்வியில் 'இருக்கிறாரா' என்று இருந்தது. அவனைக் கொண்டுபோனவர்கள் யாரென்றே எனக்கு வடிவாகத் தெரியாது. உடலும் வரவில்லை. இருந்தான் என்பதா, இருக்கிறான் என்பதா என்று இன்றுவரை நான் தடுமாறுகிறவன்.

"வா, ரெண்டு பேரும் கேப்பம்" என்றேன்.

ஆளுக்கொரு காதில் வயரைக் கொழுவிக்கொண்டு ஐந்து பக்கத்தையும் கேட்டோம். பிரெஞ்சு வரியிலேயே அவளுடைய முகம் மாறியது. நான் தமிழ் வரிக்காகக் காத்திருந்தேன். சந்தி வந்தது. துவக்கு வந்தது. தோளில் அடி வந்தது. வாகனத்தில் ஏற்றினார்கள். அதன் பிறகு நான் அவனைக் காணவில்லை. முடிந்தது.

ஆரணியிடம் திரும்பப் போடச் சொன்னேன். திரும்பவும் கேட்டேன். தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. பிரெஞ்சிலும் இல்லை, தமிழிலும் இல்லை.

அவன் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்ததைக் குலம் அண்ணை எழுதியது என்றுதான் இருபது வருடத்துக்கு மேலாக நம்பியிருந்தேன். எழுதப்பட்ட ஒன்றைக் கேட்டுக் கேட்டுக் கண்டதுபோல் ஆகிவிட்டது, அது என் மூளையின் கள்ளம் என்று ஆறியிருந்தேன். அவர் எழுதவில்லையென்றால் அது எங்கிருந்து வந்தது? சைக்கிள் கடையில் ஒட்டுப் போட்டுக்கொண்டு நின்றவனுக்குச் சந்தியில் ஒருவன் திரும்பிப் பார்த்தது எப்படித் தெரியும்?

ஆரணி என் கையைப் பிடித்து, அப்பா என்றாள். சனிக்கிழமை சொல்கிறேன் என்று எழும்பிவிட்டேன்.

4

குலம் அண்ணையைத் தேடி வியாழக்கிழமை லா சப்பலுக்குப் போனேன். கேஸ் எழுதுவதை விட்டுக் கனகாலம். பின்னேரங்களில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருப்பார் என்று தெரியும். இருந்தார். தலைமயிர் முழுக்க வெள்ளை. என்னை அடையாளம் கண்டு, மகள் என்ன படிக்கிறாள் என்றெல்லாம் விசாரித்தார்.

நான் கேஸைப் பற்றித் தொடங்கியதும் கையை உயர்த்தி, எல்லாம் நினைவிருக்கிறது என்றார்.

"உம்மடை தம்பியைக் கோயில் வாசல்லை வைச்செல்லே கொண்டு போனவை?"

"இல்லை அண்ணை. சந்தியிலை."

அவர் யோசித்தார். கடைக்காரர் தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனார்.

"அப்ப அந்தக் கோயில் ஆரின்ரை கேஸ்?" என்று கேட்டார்.

அவர் அந்தக் கோயிலை விடவில்லை. தேர்முட்டி, தண்ணீர்ப் பந்தல், வெள்ளை வேட்டி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். யாரோ ஒருவனுடைய தம்பி அவருக்குள் அப்படியே இருந்தான், அவனுக்குரிய அண்ணனைத்தான் காணவில்லை. எத்தனை பேரின் கதையை அவர் 'நான்', 'நான்' என்று எழுதியிருப்பார் என்று அப்போதுதான் யோசித்தேன். அந்த 'நான்' எல்லாம் அவருடைய தலைக்குள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன.

சைக்கிள் கடையைப் பற்றி நேராகவே கேட்டேன். நான் கடையில் நின்றதாகத்தானே சொன்னேன், நீங்கள்தானே என்னைச் சந்திக்குக் கொண்டுபோய் நிறுத்தியது என்றேன். அவருடைய முகம் கறுத்தது. கோபமில்லை, நொந்துபோனார்.

"நான் ஒருத்தருக்கும் புதுசா ஒண்டும் எழுதேல்லை. சொன்னதை ஒழுங்குபடுத்தினனான், அவ்வளவுதான்."

அவர் பொய் சொல்கிற முகமாக இல்லை. மறந்துபோன முகமாகவும் இல்லை. ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வெளியே வந்தேன். ஃபொபூர் சேன்-தெனியில் மரக்கறி வாங்குகிற சனத்துக்குள் நடந்து, மெத்ரோ வாசலைத் தாண்டிப் போய், பிறகு திரும்பி வந்தேன்.

5

இனிக் கேட்க மிச்சம் என் கூடப்பிறந்த பவானி அக்கா ஒருவர்தான். வவுனியாவில் இருக்கிறார். அம்மா காலமாகிப் பல வருடம். வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. காலையிலேயே தொலைபேசி எடுத்தேன். அக்கா குளிசை, பிரஷர், மருமகளின் சமையல் எல்லாவற்றையும் சொல்லி முடிக்குமட்டும் காத்திருந்து, தம்பியைக் கொண்டுபோன நாளைப் பற்றிக் கேட்டேன். அன்றைக்கு நான் எங்கே நின்றேன்?

"இப்ப ஏன் உதைக் கேக்கிறாய்?"

"சொல்லுங்கோ அக்கா."

அக்கா மெல்ல மெல்லச் சொன்னார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு படலைக்குள் வந்தேனாம். அக்கா கிணற்றடியில் நின்றாராம். அவரைக் கண்டதும் சைக்கிளைப் போட்டுவிட்டு நிலத்தில் குந்தினேனாம்.

"அவன் திரும்பிப் பாத்தவன் அக்கா, நான் போகேல்லை, அப்பிடியே நிண்டிட்டன் எண்டு சொன்னனீ. அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னனீ."

"அப்ப சைக்கிள் கடை?"

"அது அம்மாவுக்குச் சொன்னது. நீ பக்கத்திலை நிண்டும் விட்டிட்டு வந்தனீ எண்டு தெரிஞ்சா அம்மா தாங்கமாட்டா எண்டு நாங்கள் ரெண்டு பேரும்தானே கதைச்சு முடிவெடுத்தது. உனக்கு மறந்து போச்சோ?"

கைபேசியைக் காதில் வைத்தபடி யன்னலடியில் நின்றேன். கீழே பஸ் வந்து நின்றது, சனம் ஏறியது, போனது. தாய்க்கு ஒரு கதை, நாட்டுக்கு ஒரு கதை என்றால் பரவாயில்லை. எனக்கென்று நான் வைத்திருந்தது எது? பொய்யென்று நான் வெட்கப்பட்டது நடந்ததாக இருக்கலாம். உண்மையென்று பொத்தி வைத்திருந்தது நானும் அக்காவும் கிணற்றடியில் இருந்து உண்டாக்கியதாக இருக்கலாம்.

ஆனால் அதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. விசாரணைக்கு முன்னர் அக்காவுக்கும் கேஸைத் தொலைபேசியில் பலதரம் சொல்லிக் காட்டியிருந்தேன், தம்பி திரும்பிப் பார்த்ததையும் அப்போது சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அக்காவும் அதைக் கேட்டுக் கேட்டுத் தனக்குள் ஒரு படலையையும் கிணற்றடியையும் கட்டியிருக்கலாம். அதைச் சொன்னேன். அக்கா கோபிக்கவில்லை. "எனக்கு அப்பிடித்தான் தெரியுது தம்பி, இனி நான் என்ன செய்ய?" என்றார்.

நான் மறிக்கப் போனதாகக் கேஸில் இருக்கிறது. தோளில் அடி விழுந்ததாகவும் இருக்கிறது. இந்த இரண்டும் அக்கா சொன்னதிலும் இல்லை, என் நினைவிலும் இல்லை. அவை குலம் அண்ணையுடையவைதான் என்று நினைக்கிறேன். அப்படி என்றால், எனக்காக அவர் எழுதிய பொய், நான் செய்திருக்க வேண்டியதுதான். அன்று பின்னேரம் சட்டையைக் கழற்றிக் கண்ணாடியில் இரண்டு தோளையும் பார்த்தேன். ஒரு தழும்பும் இல்லை.

6

சனிக்கிழமை மத்தியானம் மூவரும் சாப்பிட இருந்தோம். சோறு, மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. ஆரணி ஒன்றும் கேட்கவில்லை. சொல்வேன் என்று சொன்னபடியால் காத்திருந்தாள். அதுவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். சைக்கிள் கடை, சந்தி, குலம் அண்ணை எழுதியது, அக்கா சொன்னது, நான் அசையாமல் நின்றிருக்கக்கூடும் என்பது. தமிழில் சொன்னேன். அவளுக்கு விளங்காத இடத்தில் சுகந்தி பிரெஞ்சில் ஒரு சொல் எடுத்துக் கொடுத்தாள். அந்தக் கேஸால் கிடைத்த பத்து வருட விசாவில் இந்த நாட்டில் இருக்கிற மனிதன், பிள்ளையின் முன்னால் அப்படிச் சொல்வது லேசில்லை. அவள் இங்கே பிறந்தவள். பொய் என்றால் பொய், உண்மை என்றால் உண்மை என்று படித்தவள். என்னைப் பற்றி என்ன நினைப்பாளோ என்று பயந்தேன்.

எது சரி என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாது பிள்ளை" என்றேன். "பொய் சொல்லேல்லை. உண்மையாத் தெரியாது."

அவள் தலையாட்டினாள். கோப்பையில் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தாள். பிறகு, கேஸில் அவரைப் பற்றி ஒன்றும் இல்லையே என்றாள். பிடித்ததும் ஏற்றியதும்தான் இருக்கிறது. அவர் எப்படிப்பட்ட ஆள்?

அப்படி ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. குலம் அண்ணை கேட்கவில்லை. விசாரணையில் கேட்கவில்லை. சுகந்திகூடக் கேட்டதில்லை, என்னை நோகடிக்கக்கூடாது என்று. நான் வாயைத் திறந்தேன். தடுமாற்றமே இல்லாமல் வந்தது. ரூபன் இடக்கைக்காரன், அம்மா பேசப் பேச இடக்கையால்தான் சாப்பிடுவான். பாட்டுகளில் முதல் வரி மட்டும் தெரியும், மிச்சத்தைத் தானாகப் போட்டுப் பாடுவான். செருப்பைத் தொலைத்துவிட்டு என் செருப்பைப் போட்டுக்கொண்டு போவான். பகிடி சொல்லத் தொடங்கினால் முடிக்கமுன் தானே சிரித்துவிடுவான். அதனால் அவனுடைய ஒரு பகிடியின் முடிவும் இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

சுகந்தி சிரித்தாள். ஆரணிக்குச் சிரிப்பு கொஞ்சம் பிந்தி வந்தது. சோறு ஆறிவிட்டது, ஒருவரும் எழும்பவில்லை.

"நான் அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பன்?" என்று கேட்டாள். பிரெஞ்சில் தாய் தகப்பனின் சகோதரர் எல்லோருக்கும் ஒரே சொல், தோந்தோன். எங்களிடம் வேறு வேறு என்று அவளுக்குத் தெரியும், எது எதென்றுதான் தெரியாது.

"அப்பான்ரை தம்பியெல்லே. சித்தப்பா."

அவள் அந்தச் சொல்லை வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு எழும்பி, கோப்பைகளை அடுக்கிக்கொண்டு குசினிப் பக்கம் போன தாயிடம் தமிழில் சொன்னாள்:

"அம்மா, சித்தப்பாக்குப் பகிடி சொல்லத் தெரியாதாம்."